கோயில் வீட்டுக்கு வாடகைச் சட்டம் பொருந்துமா?

கேள்வி: கும்பகோணத்தில் கோயிலுக்குச் சொந்தமான வீட்டில் 1971 முதல் குடியிருக்கிறோம். அப்பா 2009-இல் காலமானார். ரசீது இன்னும் அவர் பெயரில்தான் வருகிறது. வாடகை மாதம் 850 ரூபாய், ஒரு மாதம்கூட நிறுத்தியதில்லை. போன மாதம் கோயில் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நியாய வாடகை 6,400 ரூபாய் என்று நிர்ணயம் ஆகியிருக்கிறதாம். மூன்று வருடம் முன்தேதியிட்டு வித்தியாசத் தொகை 1,99,800 ரூபாயைக் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் குத்தகையை ரத்து செய்து வீட்டைச் சுவாதீனம் எடுப்போம் என்று எழுதியிருக்கிறார்கள். "ஐம்பது வருடம் இருந்தவர்களை யாராலும் எழுப்ப முடியாது, ரென்ட் கன்ட்ரோலில் கேஸ் போடுங்கள்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். ஒரு தரகரோ, அனுபோக உரிமையை 8 லட்சத்துக்கு வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்கிறார். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்மாவுக்கு 82 வயது. திண்ணையை அடைத்து ஒரு செல்போன் கடைக்கு விட்டிருக்கிறோம். அதில் வரும் 4,000 ரூபாய் அம்மாவின் மருந்துக்கே சரியாகப் போகிறது. வாடகைச் சட்டம் எங்களைக் காப்பாற்றாதா?

பதில்: அம்மா, உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கடிதம் வந்த கவரைத் தேடி எடுங்கள். "போன மாதம்" என்று எழுதியிருக்கிறீர்கள், தேதி சொல்லவில்லை. நியாய வாடகை உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரிடம் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த 30 நாளில் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறது என்பதுதான் இப்போது உங்களுடைய மிகப் பெரிய பிரச்சினை. கவரில் தபால் முத்திரை இருக்கும். நேரில் கொடுத்திருந்தால், வாங்கிக்கொண்டதாக யார் எந்தத் தேதியில் கையெழுத்துப் போட்டார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் நினைக்கும் வாடகைச் சட்டம் உங்களைக் காப்பாற்றாது. இன்று நேற்றல்ல, 1976-இலிருந்தே அது உங்கள் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, 1941-இல் சென்னை மாகாணத்தில் வாடகையைக் கட்டுப்படுத்தி ஓர் ஆணை போட்டார்கள். அதுவே 1946-இலும் 1949-இலும் சட்டமாகி, கடைசியில் 1960-ஆம் வருடத்துக் கட்டடங்கள் குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆயிற்று. உங்கள் எதிர்வீட்டுக்காரர் மனதில் இருப்பது இதுதான். சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று இருந்தால் ஒழிய வாடகைதாரரை வெளியேற்ற முடியாது, வாடகையையும் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. அந்தக் காலத்தில் அது உண்மையான அரண்தான். ஆனால் அந்த அரணில் ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். எந்தக் கட்டடத்துக்கு வேண்டுமானாலும் அரசு விலக்கு அளிக்கலாம் என்றது 29-ஆம் பிரிவு. அந்தப் பிரிவின்படி 16.8.1976 அன்று உள்துறை அரசாணை எண் 2000 வந்தது. இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் பொது அறக்கட்டளைகளுக்கும் பொதுத் தர்ம ஸ்தாபனங்களுக்கும் சொந்தமான எல்லாக் கட்டடங்களுக்கும் அந்தச் சட்டத்திலிருந்து முழு விலக்கு. உங்கள் அப்பா குடிவந்து ஐந்தாறு வருடத்தில் நடந்த சங்கதி இது. வாடகைதாரர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 1980-களில் அந்த விலக்கு செல்லும் என்று தீர்ப்பாகிவிட்டது.

விலக்குகள் எல்லாமே கோர்ட்டில் தப்பிவிட்டன என்றும் சொல்ல முடியாது. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை தரும் குடியிருப்புகளுக்குப் பாதுகாப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 30-ஆம் பிரிவில் ஒரு வரி இருந்தது. எத்தனை ஆயிரம் வாடகை கொடுத்தாலும் கடைக்காரருக்குப் பாதுகாப்பு உண்டு, 401 ரூபாய் கொடுக்கும் குடித்தனக்காரருக்கு இல்லை என்றால் என்ன நியாயம் என்று கேட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்த வரியை அடித்துவிட்டது. இதை யாரோ அரைகுறையாகச் சொல்லக் கேட்டுத்தான் "விலக்கெல்லாம் செல்லாது" என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அடிபட்டது 400 ரூபாய் விலக்கு. கோயில் விலக்கு அடிபடவில்லை.

எதிர்வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லிவிடுங்கள். அந்த 1960 சட்டமே இப்போது இல்லை. 22.2.2019 முதல் வேறு சட்டம் வந்துவிட்டது. 2017-இல் சட்டமன்றத்தில் நிறைவேறிய நில உரிமையாளர் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் அது. அதிலும் 3-ஆம் பிரிவு சில கட்டடங்களைத் தள்ளி வைக்கிறது. மத்திய மாநில அரசு, உள்ளாட்சி, அரசு நிறுவனங்களின் கட்டடங்கள், வேலையோடு சேர்த்து ஊழியருக்குக் கொடுக்கும் கம்பெனிக் குடியிருப்புகள், அரசு அறிவிக்கும் சமய, தர்ம ஸ்தாபனக் கட்டடங்கள் என்று அந்தப் பட்டியல் போகிறது. தனியார் வீட்டில் இருப்பவர்கள் இதைப் படித்து நிம்மதிப் பெருமூச்சு விட வேண்டாம். புதிய சட்டத்தில் நியாய வாடகை என்ற பேச்சே கிடையாது. பேசிக்கொண்டதுதான் வாடகை. எழுத்து ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியாமல் வாய்ப்பேச்சில் குடியிருந்தால், ஒப்பந்தம் இல்லை என்பதையே காரணமாகக் காட்டி உங்களைக் காலி செய்யச் சொல்ல வழி இருக்கிறது. அது வேறு கதை, இன்னொரு நாள் பேசலாம்.

விலக்கு என்றவுடன் நாளைக்கே வந்து பாத்திரத்தைத் தெருவில் வைத்துவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். வாடகைச் சட்டம் இல்லை, அவ்வளவுதான். அதற்குப் பதிலாக இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் 1959 இருக்கிறது, சொத்துரிமை மாற்றுச் சட்டம் 1882 இருக்கிறது. முறையான நோட்டீஸ், உங்கள் தரப்பைக் கேட்பது, எழுத்தில் ஓர் உத்தரவு, இவை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது. கோயில் சிவில் கோர்ட்டுக்குப் போவதானால் மாத வாடகைக்காரருக்கு 15 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வழக்குப் போட வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமலே அவர்கள் எடுக்கக்கூடிய பாதை 78-ஆம் பிரிவு. குத்தகை முடிந்தோ ரத்தாகியோ போன பிறகும் இடத்தை விடாத நபரை அந்தப் பிரிவு 'ஆக்கிரமிப்பாளர்' என்றே அழைக்கிறது. இணை ஆணையர் நோட்டீஸ் அனுப்பி விசாரித்து அகற்ற உத்தரவிடலாம். ஐம்பது வருடம் வாடகை கட்டிய குடும்பத்துக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைக்கும். ஆனால் சட்டத்தில் இருக்கும் சொல் அதுதான். அந்தக் கட்டத்துக்குப் போகவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை.

ஐம்பது வருடக் கணக்கு எதற்கும் உதவாதா என்றால், உரிமை கொண்டாட உதவாது. பன்னிரண்டு வருடம் இருந்தால் சொந்தமாகிவிடும் என்ற பேச்சு ஊரெல்லாம் உண்டு. வாடகை ரசீது வாங்கியவர் அந்த உரிமையாளரின் பாத்தியதையையே மறுத்துப் பேச முடியாது. அதற்கும் மேல், கோயில் சொத்தை மீட்கும் வழக்குகளுக்குக் காலவரம்புச் சட்டமே பொருந்தாது என்கிறது அறநிலையச் சட்டத்தின் 109-ஆம் பிரிவு. "இது கோயில் இடமே இல்லை" என்று பதிலில் எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அப்படி எழுதிவிட்டால் இத்தனை வருட ரசீதுகளை நீங்களே கிழித்துப் போட்ட மாதிரி ஆகும்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. கும்பகோணம் மாதிரி ஊரில் கட்டளைச் சொத்துகள், அதாவது ஒரு குறிப்பிட்ட பூஜைக்கோ உற்சவத்துக்கோ என்று எழுதி வைத்தவை, நிறைய. சில சமயம் வீடு ஒரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்கும், அதன் வருமானத்தில் ஒரு பங்கை மட்டும் ஏதோ ஓர் உற்சவத்துக்குத் தர வேண்டும் என்று பெரியவர்கள் எழுதி வைத்திருப்பார்கள். அது கோயில் சொத்து ஆகாது, கோயிலுக்குப் பொறுப்புப்பட்ட தனியார் சொத்து. உங்கள் வீடு அந்த வகையா என்று தெரிந்துகொள்ள, அறநிலையச் சட்டத்தின் 29-ஆம் பிரிவின் கீழ் கோயில் வைத்திருக்கும் சொத்துப் பதிவேட்டில் இந்த வீடு இருக்கிறதா என்று கேளுங்கள். (இரண்டு சட்டத்திலும் 29 என்ற எண்ணே வருகிறது, குழம்பாதீர்கள்.) நகர நில அளவைப் பதிவேட்டு நகலையும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நேரடிக் கோயில் சொத்து என்றுதான் தோன்றுகிறது. இருந்தாலும் பார்த்துவிடுவது நல்லது.

அப்படியே பழைய ரசீது ஒன்றை எடுத்து, அதில் 'கட்டட வாடகை' என்று இருக்கிறதா, 'மனை வாடகை' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். மனை மட்டும் கோயிலுடையது, மேலே கட்டியது உங்கள் அப்பா என்றால் கணக்கே மாறும். மனைக்கு மட்டும்தான் வாடகை நிர்ணயிக்க முடியும், நீங்கள் கட்டிய சுவருக்கு உங்களிடமே வாடகை கேட்க முடியாது. இந்த மாதிரி மனை வாடகைக்காரர்களுக்கு ஒரு காலத்தில் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் 1921 கைகொடுத்தது. சென்னையிலும் அரசு நீட்டித்த மற்ற ஊர்களிலும், அந்த மனையையே கோர்ட் நிர்ணயிக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று 9-ஆம் பிரிவு சொன்னது. 1996-இல் கொண்டுவந்த திருத்தம் சமய நிறுவனங்களின் மனைகளை அதிலிருந்து எடுத்துவிட்டது. இன்னும் அதைச் சொல்லி ஃபீஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, உத்தரவுக்கு வருவோம். அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவின்படி, கோயில் சொத்தின் வாடகையை ஒரு குழு நிர்ணயிக்கும். இணை ஆணையர், கோயிலின் செயல் அலுவலர் அல்லது அறங்காவலர், மாவட்டப் பதிவாளர் ஆகியோர் அதில் இருப்பார்கள். சந்தை வாடகையைக் கணக்கில் எடுத்து நிர்ணயிக்க வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றியமைக்க வேண்டும் என்பது விதி. உங்களுக்கு வந்த கடிதத்தோடு குழுவின் முடிவும் கணக்குத் தாளும் இருக்கிறதா? இல்லாவிட்டால் நாளைக்கே அலுவலகத்தில் மனு கொடுத்து நகல் கேளுங்கள், மனுவின் இன்னொரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டியும் கேளுங்கள். ஆனால் அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். அவர்களுக்கும் 30 நாள், உங்களுக்கும் 30 நாள்.

கணக்குத் தாள் கைக்கு வந்ததும் ஒரு டேப்பை எடுத்து வீட்டை அளந்து பாருங்கள். பழைய அக்ரகார வீடுகளில் ரேழி, தாழ்வாரம், முற்றம், கொல்லை என்று ஆழம் அதிகம். வானம் தெரியும் முற்றத்தையும் கட்டடப் பரப்பில் சேர்த்து எழுதிய கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுத் துறை தெருவாரியாக வைத்திருக்கும் நில மதிப்பு, எந்தத் தெருவுக்கு எடுத்தார்கள் என்று பாருங்கள், பதிவுத் துறை இணையதளத்திலேயே சரிபார்க்கலாம். ஓட்டு வீட்டுக்குக் கான்கிரீட் வீட்டு மதிப்புப் போட்டிருக்கிறார்களா, ஓடு மாற்றியதும் மராமத்து பார்த்ததும் யார் செலவில், இதையெல்லாம் மேல்முறையீட்டில் எழுத வேண்டும். மூன்று வருட முன்தேதி பெரிய விஷயம். குழு எந்தத் தேதியில் கூடியது, அதற்கு முன் உங்களுக்கு நோட்டீஸ் கொடுத்துக் கருத்துக் கேட்டார்களா? கேட்கவில்லை என்றால் அதைத்தான் முதல் காரணமாக எழுதச் சொல்வேன். "வாடகை ஜாஸ்தி" என்று பொதுவாகப் புலம்பும் மனுக்கள் நிற்காது. 850 ரூபாய் இந்தக் காலத்தில் எந்த வீட்டுக்கும் வாடகை இல்லை என்பது ஆணையருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ஒரு முள் இருக்கிறது. நிர்ணயித்த வாடகையைக் கோயில் கணக்கில் கட்டியதற்குச் சான்று இல்லாமல் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆணையர் உத்தரவும் பாதகமானால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு உண்டு, அங்கேயும் இதே நிபந்தனைதான். கிட்டத்தட்ட இரண்டு லட்சம் உங்களுக்குச் சின்னத் தொகை இல்லை என்று தெரிகிறது. திரட்ட முடிந்தால் திரட்டிக் கட்டிவிடுங்கள். முடியாது என்றால், நடப்பு மாதத்திலிருந்து 6,400 ரூபாயை 'என் உரிமைக்குப் பாதகமின்றி' என்று எழுதிக் கட்ட ஆரம்பித்து, பாக்கிக்குத் தவணை கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். தவணை கேட்பதால் 30 நாள் கெடு நிற்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

வாடகையை எங்கே கட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். பல வருடம் முன்பு என்னிடம் ஒருவர் வந்தார். அறக்கட்டளைக் கட்டடத்தில் மளிகைக் கடை. அவர்கள் வாடகையை வாங்க மறுத்ததும், யாரோ சொன்னார்கள் என்று ரென்ட் கன்ட்ரோல் கோர்ட்டில் மனுப் போட்டு அங்கேயே வாடகையைச் செலுத்திக்கொண்டு வந்திருக்கிறார். ஆறு வருடம் கழித்து, இந்தக் கட்டடத்துக்கு இந்தக் கோர்ட்டே கிடையாது என்று மனு தள்ளுபடி. ஆறு வருட வாடகையும் ஏட்டில் பாக்கியாக நின்றது. ஒரு ரூபாய்கூட ஏமாற்ற நினைக்காத மனிதர். உங்கள் பணம் கோயில் கணக்குக்குத்தான் போக வேண்டும். கவுண்டரில் வாங்க மறுத்தால் கோயில் பெயருக்கு டிடி எடுத்து, ஒப்புகையோடு தபாலில் அனுப்புங்கள். ரசீதில் 'வாடகை' என்று எழுதுகிறார்களா, 'பயன்பாட்டு இழப்பீடு' என்று எழுதுகிறார்களா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால், உங்களை வாடகைதாரர் பட்டியலிலிருந்து மனதளவில் எடுத்துவிட்டார்கள் என்று பொருள். உடனே ஆட்சேபித்து எழுத வேண்டும்.

ரசீது அப்பா பெயரிலேயே இருப்பதை 2009-லேயே சரிசெய்திருக்க வேண்டும். அவருடைய இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, கூடப்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதம் வைத்து, பெயர் மாற்றம் கேட்டு உங்கள் பெயரிலோ அம்மா பெயரிலோ இப்போதாவது மனு கொடுங்கள். இத்தனை வருடமாக உங்கள் கையால் பணம் வாங்கி ரசீது கொடுத்திருக்கிறார்கள் என்பது உங்கள் பக்கம் நிற்கும் விஷயம். பழைய ரசீது ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். கோயிலின் கேட்பு, வசூல், நிலுவைப் பதிவேட்டில் உங்கள் வீட்டுப் பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம்கூட நிறுத்தியதில்லை என்று நீங்கள் சொல்வதற்கு அவர்கள் ஏடே சாட்சி.

தரகர் விஷயம் நீளமாகப் பேச வேண்டியதில்லை. மாத வாடகைக்கு இருப்பவரிடம் விற்பதற்கு ஒன்றும் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையையே ஆணையர் அனுமதி இல்லாமல் கோயிலே கொடுக்க முடியாது என்கிறது 34-ஆம் பிரிவு. நீங்கள் எப்படிக் கொடுப்பீர்கள்? 8 லட்சம் கொடுத்தவர் மறுநாளே ஆக்கிரமிப்பாளர் ஆவார், அப்புறம் பணத்தைக் கேட்டு உங்கள் மேல் மோசடிப் புகார் கொடுப்பார். முன்பணம் ஏதாவது வாங்கியிருந்தால் வங்கி வழியாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசியில், நீங்கள் கடிதத்தின் ஓரத்தில் போகிற போக்கில் எழுதிய திண்ணைக் கடை. உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது இது ஒன்றுதான். கோயிலுக்கு முழு வீட்டுக்கும் 850 கொடுத்துவிட்டு, திண்ணைக்கு மட்டும் 4,000 வாங்குகிறீர்கள். மருந்துச் செலவுக்கு என்பது புரிகிறது. ஆனால் கோயில் தரப்பு வக்கீல் இதை எப்படிச் சொல்வார் என்று யோசித்துப் பாருங்கள். சந்தை வாடகை எவ்வளவு என்பதற்கு நீங்களே அத்தாட்சி கொடுத்த மாதிரி. குடியிருப்பை வணிகமாக மாற்றியது ஒன்று, அனுமதி இல்லாமல் திண்ணையை அடைத்தது ஒன்று, உள்வாடகைக்கு விட்டது ஒன்று என்று மூன்று குற்றச்சாட்டு ஒரே கடையில் கிடைக்கிறது. 6,400-இல் அந்தக் கடைக்கான வணிக வாடகையும் சேர்ந்திருந்தால், குழுவின் கணக்கைக் குறை சொல்வதும் கஷ்டம். கடையைக் காலி செய்யச் சொல்லி, திண்ணையைப் பழையபடி திறந்துவிட்டு, வீடு முழுக்கக் குடியிருப்புதான் என்று போட்டோவோடு மேல்முறையீட்டில் எழுதுவதே நல்லது. மாதம் 4,000 போகும், வலிக்கும். கடையை வைத்துக்கொண்டே வாடகையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டால் இரண்டும் போகும்.

கடைக்காரரிடம் இந்த வாரமே பேசுங்கள், அவருக்கும் இடம் பார்க்க அவகாசம் வேண்டும். அவர் காலி செய்ததாக எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கவர், உத்தரவு, ரசீதுக் கட்டு, வாரிசுச் சான்று இவற்றை எடுத்துக்கொண்டு உங்கள் ஊரிலேயே அறநிலைய வழக்குகள் பார்க்கும் வக்கீல் ஒருவரை நேரில் போய்ப் பாருங்கள். அம்மா பயந்துபோயிருந்தால், இப்போதைக்கு வந்திருப்பது பணம் கேட்டு ஒரு கடிதம்தான், வீட்டை விட்டுப் போகச் சொல்லி இன்னும் எந்த உத்தரவும் வரவில்லை என்று சொல்லுங்கள். அது உண்மையும்கூட.